மூன்று வருடம் என் பெயரில் ஆடியவனுக்கு

கூரியரில் வந்த பெட்டியைப் பிரித்தது என் மனைவிதான். உள்ளே ஒரு கண்ணாடிச் சட்டம் இருந்தது. முந்தானையால் துடைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.  பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

"என்னங்க, அண்ணன் போட்டோவுக்குக் கீழ உங்க பேரப் போட்டு அனுப்பியிருக்காங்க."

வந்து பார்த்தேன். பெரம்பலூர் மைதானம். கோப்பையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நீ நிற்கிறாய். இடது கையில் கேப்டன் பட்டை. முன்பல் இரண்டுக்கும் நடுவே உன்னுடைய அந்தச் சந்து. பின்னால் நம் கோல்கீப்பர், கோலி, வாயைப் பிளந்து கத்திக்கொண்டிருக்கிறான். சட்டத்தின் அடியில் பித்தளைத் தகடு ஒன்று அடித்திருந்தார்கள். 'எஸ். செல்வராசு, நமது கிளப்பின் நீண்டகாலக் கேப்டன்.' கூடவே ஓர் அழைப்பிதழ். மைதான வாசலில் பழைய கேப்டன்களின் பெயர்ப் பலகை திறக்கப்போகிறார்களாம். வருடத்துக்கு ஒரு வரி, வரிக்கு ஒரு பெயர். அதில் பதினோரு வரிகள் என் பெயர். அந்தப் பெருமைக்கு எனக்குப் பொன்னாடை.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன், எனக்குக் கோபம்தான் வந்தது. கண் கலங்கியது என்று எழுதினால் மடல் அழகாக இருக்கும். கலங்கவில்லை. இத்தனை பேர் வேலை பார்க்கிற கிளப்பில் இது என் முகம் இல்லை என்று ஒருவருக்குமா தெரியவில்லை என்று கத்தினேன். அவர்களுக்கு எப்படித் தெரியும் என்று என் மனைவி கேட்டாள். அவள் சொல்வதும் நியாயம். சிமெண்ட் ஆலையின் ஃபுட்பால் டீமாக இருந்ததை வெளியூர்க்காரர்கள் வாங்கி, புதுப் பெயரும் புதுப் பனியனும் கொடுத்து, சம்பளத்துக்கு ஆட எங்கெங்கிருந்தோ பையன்களைக் கொண்டுவந்து சில வருடங்கள்தான் ஆகின்றன. பழைய காலத்து ஸ்கோர் ஷீட்டுகளை யாரோ ஆலை பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். அதில் என் பெயர் இருக்கிறது. உன் பெயர் ஒரு வரியில்கூட இல்லை.

இது எனக்குப் போன ஐப்பசியிலேயே தெரியும். திருமானூரில் கரும்பு லோடு ஏற்றிக்கொண்டிருந்த இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த நீ, எழுந்திருக்கவில்லை. மறுநாள் அடக்கம். அன்று காலையில் கிளப்புக்குப் போன் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை மேட்சில் பையன்கள் கையில் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு இறங்கட்டும், வேறொன்றும் வேண்டாம் என்றேன். எடுத்த பெண் மரியாதையாகத்தான் பேசினாள். பெயரைக் கேட்டாள், இருக்கச் சொன்னாள், திரும்பி வந்தாள்.

"சார், நம்ம ரெக்கார்ட்ஸ்ல அப்படி ஒரு பிளேயர் இல்லைங்க சார். வேற டீமா இருக்கும், பாருங்களேன்."

அடக்கத்துக்கு நேரமாகிறது என்று வைத்துவிட்டேன். அந்தப் பெண்மேல் தப்பு இல்லை. தப்பு யார்மேல் என்று எனக்குத் தெரியும், உனக்கும் தெரிந்துதான் இருந்தது. நீ வாய் திறந்து சொன்னதில்லை, அவ்வளவுதான்.

என் கால் உடைந்த கதையை ஊரில் யார் கேட்டாலும் பெருமையாகச் சொல்லுவேன். அதற்குப் பிறகு நடந்ததை மட்டும் சொன்னதில்லை. ஒரு கார்னர் கிக்குக்கு எகிறி விழுந்ததில் முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டானது. திருச்சியில் தகடு வைத்துக் கட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். அப்போது எனக்கு இருந்தது விளையாட்டுக்காகக் கொடுத்த வேலை. ஆலையில் நிரந்தர ஆள், ஆனால் டீம் லிஸ்டில் பெயர் இருக்கும் வரைக்கும்தான். ஒரு சீசன் பெயர் இல்லையென்றால் அந்த இடத்தை எடுத்துவிடுவார்கள் என்று ஸ்போர்ட்ஸ் ஆபீசர் வீட்டுக்கே வந்து சொன்னார். அப்பா இல்லை, தங்கை கல்யாணத்துக்கு நிற்கிறாள், கட்டிலில் மாவுக்கட்டோடு நான். 

நீ அப்போதுதான் உள்ளே வந்தாய். சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் ஷிப்ட் முடித்து நேராக வந்திருந்தாய். இமை மயிரெல்லாம் வெள்ளைத் தூசி. நீ சுரங்கத்தில் காண்ட்ராக்ட் ஆள். லீக் விதிப்படி ஆலையின் நிரந்தர ஆட்கள்தான் ஆலை டீமில் ஆடலாம். அதனால் எங்கள் எல்லாரையும்விட நன்றாக ஆடத் தெரிந்த நீ, நாள்தோறும் எங்களோடு பிராக்டிஸ் ஆடிவிட்டு, மேட்ச் அன்று மட்டும் கயிற்றுக்கு வெளியே நின்றாய். ஆபீசர் சொன்னதை முழுதாகக் கேட்டுவிட்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாய்.

"ஒன் பேரக் குடு. நான் ஓடுறேன்."

"கார்டுல என் போட்டோ இருக்குடா."

"போட்டோல மீசதான தெரியிது? நானும் வச்சிக்கிறேன்."

ஆபீசர் சிரித்தார். சிரித்துக்கொண்டே, ஒரு சீசன் சமாளித்துவிட்டால் உன்னை நிரந்தரமாக்கி உன் பெயரிலேயே கார்டு எடுத்துவிடலாம் என்றார். நீ அவரை நம்பினாயா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. என்னை நம்பினாய் என்பது மட்டும் தெரியும்.

உன் மீசை முளைக்க மூன்று வாரம் ஆயிற்று. எலும்பு கூடாமல் என் காலை மறுபடி திறந்தார்கள். ஒரு சீசன் என்று பேசியது மூன்று சீசன் ஆனது.

எவ்வளவு கூத்து நடந்தது, நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. மைதானத்தில் ஒருத்தனும் உன்னைச் செல்வராசு என்று கூப்பிட்டதில்லை. தூசியோடு வந்து இறங்குவதால் உனக்கு அவர்கள் வைத்த பெயர் சுண்ணாம்பு. "சுண்ணாம்பு, அவன உட்றாத" என்று கயிற்றோரம் நூறு பேர் கத்துவார்கள். ரெஃப்ரி அதைக் காதில் வாங்கிக்கொண்டே சீட்டில் 'செல்வராசு' என்று எழுதுவார். அரியலூரில் ஒரு மேட்சில் எதிராளியின் ஃபார்வர்டை நீ இடுப்போடு சாய்த்தாய். சிவப்பு அட்டை. செல்வராசுவுக்கு இரண்டு மேட்ச் தடை. அந்த வாரம் முழுக்க நான் கால் கட்டோடு கட்டிலில் கிடந்து, செய்யாத ஃபவுலுக்குத் தண்டனை அனுபவித்துக்கொண்டிருந்தேன். நீ வெளியே நின்றாய், டீம் இரண்டு மேட்சிலும் தோற்றது. உண்மை தெரிந்த ஆபீசரே என் வீட்டுக்கு வந்து, "கேப்டனா இருந்துகிட்டு இப்படியா ஃபவுல் பண்றது" என்று என்னைத் திட்டிவிட்டுப் போனார். பழக்க தோஷம்.

என் கல்யாணமும் உன் காலால்தான் நடந்தது. நீ அடித்த ஒரு ஃப்ரீகிக் கோலைப் பற்றிப் பேப்பரில் நாலு வரி வந்தது. என் பெயரில். அதைப் படித்துவிட்டு, சிறுவாச்சூரிலிருந்து ஒரு மனிதர் தன் பெண்ணுக்குப் பார்க்கிற மாப்பிள்ளை எப்படி ஆடுகிறான் என்று பார்க்க, சொல்லாமல் கொள்ளாமல் பெரம்பலூர் மேட்சுக்கே வந்துவிட்டார். பார்த்தார், பிடித்துப்போயிற்று. அடுத்த வாரம் வீட்டுக்கு வந்தவர், ஊன்றுகோலைக் கதவுக்குப் பின்னால் ஒளித்துவிட்டு நின்ற என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அன்னைக்கு இன்னும் கொஞ்சம் ஒசரமாத் தெரிஞ்சீங்களே."

"பூட்ஸ் போட்டா அப்படித் தெரியும் மாமா."

என் மனைவி இன்றும் இதை விடுவதாக இல்லை. எங்களுக்குள் சண்டை வந்தால், "எங்கப்பா பாத்த மாப்பிள்ளை நீங்க இல்ல, அவரு" என்பாள். இதைக் கேட்டால் நீ வெட்கப்பட்டுக்கொண்டு சைக்கிளை எடுப்பாய்.

ஆனால் கூத்தோடு முடிந்துவிடவில்லை. என் பெயரில் நீ ஆடியதோடு, என் இடத்தில் நின்று கேப்டனாகவும் இருந்தாய். நான் எப்படிப்பட்ட கேப்டன் என்று உனக்கே தெரியும். இடைவேளையில் கத்துவேன், தண்ணீர்ப் பாட்டிலை எட்டி உதைப்பேன். நீ கத்தவே மாட்டாயாம். ஒவ்வொருத்தனிடமும் போய் உட்கார்ந்து, "எங்க வலிக்குது?" என்று மட்டும் கேட்பாயாம். வலிக்கிற இடத்தைச் சொன்னவனை அதற்குத் தகுந்த இடத்துக்கு மாற்றுவாய். வலியே இல்லை என்று பொய் சொன்னவனை வெளியே உட்கார வைப்பாய். இதை எனக்குச் சொன்னது நம் கோலிதான். கைவிரல் பிசகியதை மறைத்ததற்காக ஒரு மேட்ச் முழுக்க அவனை உட்கார வைத்தாயாம். அதற்கப்புறம் பொய் சொல்ல வாய் வரவில்லை என்றான். அந்த டீம்தான் மூன்றாம் சீசனில் கோப்பையை வாங்கியது. என் பதினோரு வருடத்தில் நம் ஆலைக்கு வந்த ஒரே கோப்பை அது. அன்று நான் பெஞ்சுக்குப் பின்னால் ஊன்றுகோலோடு நின்றுகொண்டிருந்தேன்.

இனிமேல் எழுதுவதைத்தான் இத்தனை நாள் தள்ளிப் போட்டேன்.

கோப்பை வந்த வாரம் ஆலை கேன்டீன் ஹாலில் பாராட்டு வைத்தார்கள். மத்தியானச் சாப்பாட்டோடு. பேப்பரில் கேப்டன் நான், அதனால் மாலை எனக்கு. மேடையில் ஜெனரல் மேனேஜருக்குப் பக்கத்து நாற்காலி எனக்கு. ஊன்றுகோலைப் பார்த்துக் கேட்டவர்களிடம், கடைசி மேட்சில் பட்ட அடி என்று ஆபீசர் சொல்லிவைத்திருந்தார். நீ பின்னால், நாற்காலி தூக்கிப் போடக் கூட்டி வந்திருந்த காண்ட்ராக்ட் ஆட்களோடு நின்றிருந்தாய். மேனேஜர் நல்ல மனிதர், அன்று ரொம்பச் சந்தோஷமாக இருந்தார். மைக்கை என் பக்கம் திருப்பினார்.

"கேப்டன், டீமுக்கு என்ன வேணும், கேளுங்க. தயங்காம கேளுங்க."

எனக்கு எல்லாம் நினைவிருக்கிறது. ஆபீசர் என்னைப் பார்த்தது, கேள் என்பதுபோல் லேசாகத் தலையை ஆட்டியது, எல்லாமே. பின்னால் நிற்கிறான் பாருங்கள், அவனை நிரந்தரமாக்குங்கள் என்று ஒரே வரி சொன்னால் போதும். அதைச் சொன்னால் ஏன் என்று கேட்பார், கேட்டால் எல்லாம் வெளியே வரும், என் வேலை போகும். இவ்வளவையும் ஒரு நொடியில் கணக்குப் போட்டேன்.

"புது பூட்ஸ் வேணும் சார்" என்றேன்.

ஹாலே கை தட்டியது. நீயும் கை தட்டினாய். பூட்ஸும் வந்தது, லிஸ்டில் பெயர் இருந்த ஒவ்வொருவருக்கும் ஒரு ஜோடி. உனக்கு ஏது லிஸ்ட்? எனக்கு வந்ததை உன்னிடம் கொடுத்தேன். ஒரு சைஸ் சின்னது. முன்பக்கத்தை பிளேடால் அறுத்துவிட்டு, பெருவிரல் வெளியே தெரிய நீ பிராக்டிஸுக்கு வந்தாய். அதைப் பார்த்தும் நான் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன்.

அந்த ஆவணியில் என் கால் ஓட ஆரம்பித்தது. மைதானத்துக்கு வந்தேன். நீ பந்தை நிறுத்திவிட்டு என்னிடம் வந்தாய்.

"கால் எப்படி?"

"ஓடுதுடா."

"அப்ப சரி."

பட்டையைக் கழற்றி என் கையில் மாட்டிவிட்டு, மறுபடி கயிற்றுக்கு வெளியே போனாய். ஆபீசரிடம் பேசுகிறேன் என்றேன். "பேசு" என்றாய். நான் பேசவில்லை. நீ கேட்கவும் இல்லை. அதற்குப் பிறகு நான் ஐந்து வருடம் கேப்டன். ஐந்து வருடமும் நீ கயிற்றோரம் நின்று, நான் எங்கே கோட்டை விடுகிறேன் என்று கத்திக்கொண்டிருந்தாய். சுரங்கத்தில் காண்ட்ராக்ட் முடிந்து, நீ கரும்பு டிராக்டருக்குப் போனது அப்புறம். ஒரே ஒரு தடவை, அரியலூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில், நான் இந்தப் பேச்சை எடுத்தேன். நீ டீயை ஆற்றிக்கொண்டே சொன்னாய்.

"பந்துக்கு யாரு பேருன்னு தெரியுமா? உட்றா."

விட்டேன். நீ விடு என்றதும் விட்டுவிடுவது எனக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்தது தெரியுமா. இப்போது நீ இல்லை, அதனால் தைரியமாக உன்னை எதிர்த்துப் பேசுகிறேன். பந்துக்குத் தெரியாது, சரி. பலகையில் பெயர் எழுதுகிறவனுக்குத் தெரிய வேண்டாமா? உன் பேரப்பிள்ளை நாளைக்கு அந்த வாசலில் நின்று படித்தால், அதில் என்ன இருக்கும்? நீ பெருந்தன்மைக்காரன் என்பதற்காக நான் திருடனாகவே இருந்துவிட்டுப் போக வேண்டுமா? இந்த ஒரு விஷயத்தில் உன் பேச்சைக் கேட்கப்போவதில்லை என்று, உன் படத்தைப் பார்த்துக்கொண்டே முடிவு செய்தேன்.

முதலில் பழைய ஆபீசரைப் போய்ப் பார்த்தேன். பெரம்பலூரில் மகன் வீட்டில் இருக்கிறார். தோள் கூனிவிட்டது. காபி வந்தது. விஷயத்தைச் சொன்னதும் கப்பைக் கீழே வைத்துவிட்டார்.

"செல்வராசு, இதக் கிளறாத. கெட்ட பேரு எனக்கும்தான். கோப்பையத் திருப்பிக் கேட்டாங்கன்னா?"

"கேக்கட்டும் சார், குடுத்துருவோம்."

"செத்தவனுக்கு எதுக்குப்பா போர்டு?"

"உசுரோட இருக்கிற எனக்கு எதுக்கு சார்?"

 அவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. கிளம்பும்போது வாசல் வரைக்கும் வந்தார். அவனை நிரந்தரமாக்க ஒரு தடவை ஃபைல் போட்டேன், மேலே கையெழுத்தாகவில்லை என்றார். உண்மையா பொய்யா தெரியாது. உண்மையாகவே இருக்கட்டும், அதில் என் குற்றம் குறையப்போவதில்லை.

அடுத்து திருமானூர். உன் மனைவி முற்றத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். படத்தைக் கொடுத்தேன். மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள். நான் ஆரம்பத்திலிருந்து, கேன்டீன் ஹாலில் பூட்ஸ் கேட்டது வரைக்கும் ஒன்றையும் விடாமல் சொன்னேன். அவளுக்குத் தெரியாததை நான் சொல்லிவிடவில்லை.

"அவரு ஒங்கள ஒரு வார்த்த சொன்னதில்லண்ணே. நாந்தான் சொல்லுவேன். இத்தன வருசமா நீங்க இந்த வூட்டுக்கு வர்றப்ப எல்லாம் காபி குடுத்திருக்கேன். மனசு வந்து ஒரு நாளும் குடுத்ததில்ல."

"தெரியும்மா."

"தெரிஞ்சும் குடிச்சீங்க."

"குடிச்சேன்."

உள்ளே போய்க் காய் நறுக்குகிற கத்தியை எடுத்து வந்தாள். சட்டத்தைத் தரையில் வைத்து, பித்தளைத் தகட்டின் ஓரத்தில் கத்தி முனையைக் கொடுத்து நெம்பினாள். இரண்டு ஆணியும் தெறித்தன. தகட்டை என் கையில் வைத்தாள்.

"இது ஒங்களுது. போட்டோவ நான் வச்சிக்கிறேன். இப்ப ஒங்களுக்கு வேலையும் இல்ல, போறதுக்கு ஒண்ணும் இல்ல. போய்ச் சொல்லுங்க. சொன்னா எதுவும் திரும்பாது, தெரியும். ஆனாலும் சொல்லுங்க. நானும் வந்து உக்காந்து கேக்குறேன்."

விழா ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், மேட்சுக்கு முன்னால். மேடையைப் புல்லிலேயே போட்டிருந்தார்கள். பலகையைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். உன் மனைவி மூன்றாம் வரிசையில், கையில் பையோடு. பொன்னாடையோடு வந்தவரை, கொஞ்சம் இருங்க என்று நிறுத்திவிட்டு மைக்கை வாங்கினேன்.  பெனால்டி எடுக்கும்போதுகூட நான் இவ்வளவு பயந்ததில்லை.

"இந்தப் பலகையில பதினோரு வருசம் என் பேரு இருக்கு. அதுல மூணு வருசம் நான் கிரவுண்டுலயே இறங்கல. கால் ஒடஞ்சி கட்டில்ல கெடந்தேன். என் கார்ட வச்சிக்கிட்டு வேற ஒருத்தன் ஆடுனான். கோப்பைய வாங்குனதும் அவன்தான். அவன் பேரு..."

உன் பெயரை முழுதாக, ஞானஸ்நானத்தில் வைத்தபடி சொன்னேன். பாதியில் மைக்கை நிறுத்திவிட்டார்கள். ஸ்பீக்கரில் திடீரென்று பாட்டு. மைக்கை நிறுத்தினால் நானும் நிறுத்திவிடுவேன் என்று நினைத்தார்கள் போலிருக்கிறது. மைதானத்தின் அந்தக் கோடிக்குக் கேட்கும்படி இருபது வருடம் கத்திய ஃபுல்பேக் நான். மேடையிலிருந்து இறங்கி, கோட்டோரம் வந்து நின்று, இரண்டாம் தடவை சொன்னேன். வெயில் பக்கத்து வரிசையில் ஒரு கிழவர் எழுந்தார். மைதான வாசலில் அந்தக் காலத்தில் சுண்டல் விற்றவர்.

"அட, நம்ம சுண்ணாம்பத்தான்யா சொல்றாரு."

அவ்வளவுதான். ஒருவர் பின் ஒருவராகப் பழைய ஆட்கள் எழுந்தார்கள். ஊருக்கே தெரிந்திருக்கிறது. யாரும் கேட்காததால் யாரும் சொல்லவில்லை. உன் மனைவி அழவில்லை. எழுந்து நின்றாள், எல்லாரும் உட்கார்ந்த பிறகும் நின்றுகொண்டிருந்தாள். தகட்டைக் கிளப் ஆட்களின் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். அன்று பலகையைத் திறக்கவில்லை.

எல்லாரும் கை தட்டினார்கள் என்று நினைத்துவிடாதே. நம் கோலி என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டான். நாம் வாங்கிய ஒரே கோப்பையை நானே கள்ளக் கோப்பை ஆக்கிவிட்டேனாம். பேசாமல் இருக்கட்டும், வலி எங்கே என்று அவனுக்கும் தெரியும். விளம்பரத்துக்காகச் செய்தேன் என்று ஒருவன் போனில் எழுதினான். கிளப்பிலிருந்து இரண்டு பேர் வீட்டுக்கு வந்து, எழுத்தில் கொடுங்கள் பார்க்கலாம் என்றார்கள். நான் எழுதப் பயப்படுவேன் என்று நினைத்திருக்க வேண்டும். அவர்கள் முன்னாலேயே எழுதினேன். இந்த மூன்று சீசனில் நான் ஒரு நிமிடம்கூட ஆடவில்லை, என் பெயரில் ஆடியவர் இன்னார் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, கைரேகையும் வைக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் சார் என்றார்கள்.

ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. அந்தப் பெயரில் எந்தப் பதிவும் இல்லாததால் பலகையில் சேர்க்க விதி இடம் கொடுக்காது. உங்கள் எழுத்துமூலமான வாக்குமூலத்தின்படி அந்த மூன்று ஆண்டுகளிலிருந்து உங்கள் பெயர் நீக்கப்படுகிறது. படித்துவிட்டு என் மனைவி கடிதத்தை மடித்தாள். "தோத்துட்டீங்களா?" என்று கேட்டாள். எனக்கும் அன்று அப்படித்தான் தோன்றியது. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. உன் வீட்டுக்குப் போய் எந்த முகத்தோடு சொல்வது என்று தெரியவில்லை.

பிறகு பலகையைத் திறந்தார்கள். விழா கிழா எதுவும் இல்லை. ஒரு நாள் காலையில் போனேன், துணி இல்லை. கறுப்பு கிரானைட்டில் வெள்ளை எழுத்து, வருடங்கள் வரிசையாக இறங்குகின்றன. என் பெயர் மூன்று தடவை. அடுத்து மூன்று வருடங்கள், அவற்றுக்கு எதிரே ஒன்றுமே இல்லை. கல்லை மாற்ற மனமில்லாமல் என் பெயரைத் தேய்த்து எடுத்திருக்கிறார்கள். தேய்த்த இடம் மட்டும் மங்கலாகத் தெரிகிறது. அதற்குக் கீழே மறுபடி என் பெயர் ஐந்து தடவை.

இப்போது ஊர் மேட்ச் இருக்கிற நாளெல்லாம் நான் ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்விடுகிறேன். உள்ளே போய் உட்காருவதில்லை. பலகைக்குப் பக்கத்தில் நிற்கிறேன். செக்யூரிட்டிக்காரன் முதலில் முறைத்தான், இப்போது அவனே நாற்காலி போடுகிறான். உள்ளே வருகிறவர்களில் பாதிப்பேர் அந்த இடத்துக்கு வந்ததும் நின்றுவிடுகிறார்கள். பெயர்கள் நிரம்பிய வரிகளை யாரும் படிப்பதே இல்லை. போன வாரம் செந்துறையிலிருந்து பஸ் பிடித்து வந்த ஒருவர், மனைவியையும் கைப்பிள்ளையையும் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஏங்க, இங்க மூணு வருசம் கேப்டனே இல்லாமயா ஆடுனாங்க?"

"கேப்டன் இருந்தாருங்க" என்றேன். "சுரங்கத்துல வேல பாத்தாரு. நான் பாத்ததுலயே பெரிய கேப்டன். பேரு ஆரோக்கியசாமி."